மேல் வீட்டுத் தண்ணீர்

செட்டியார் பொம்மையின் முதுகில் எழுத்து இருந்தது. 2022 நவராத்திரிக்கு இரண்டு நாள் முன்பு, படுக்கையறைப் பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கும்போதுதான் பார்த்தோம். முதல் பெட்டியைத் தூக்கியதும் அடி அட்டை ஊறிப்போய்ப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. பழைய வேட்டித் துணிக்குள் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்த பொம்மைகளில் பாதிக்கு மேல் நனைந்திருந்தன. காகிதக்கூழ் பொம்மைகளில் கறுப்பாகப் பூசணம். தசாவதார செட்டில் மச்சமும் கூர்மமும் மட்டும் தப்பித்திருந்தன. "அது ரெண்டும் தண்ணியில இருக்கிறதுதானேப்பா" என்றான் மகன். மரப்பாச்சிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செட்டியார் மண் பொம்மை. அவர் மேல் சுற்றியிருந்த தாள் வர்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்து எடுத்தால், நாலைந்து வரி அச்செழுத்து இடவலம் மாறி அவர் முதுகில் பதிந்திருந்தது. ஏதோ விளம்பரம். அதைப் படிக்கிற மனநிலையில் அன்று யாரும் இல்லை.

ஸ்டூல் போட்டு ஏறி டார்ச் அடித்தேன். பரணுக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் மூலையில் ஓதம் அடித்திருந்தது. பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி நின்றது. விரலால் தொட்டால் உதிர்ந்தது. உள்ளே பூச்சின் மேல் வெள்ளையாக, இழை இழையாக உப்பு பூத்திருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் எங்கள் குளியலறை. அதற்கு நேர் மேலே மூன்றாவது மாடி டீச்சரின் குளியலறை. ஸ்டூலில் நின்றபடியே தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன். "மேலேர்ந்துதான் வருது" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. அதிலிருந்து வெளியே வர எட்டு மாதம் ஆனது.

நங்கநல்லூரில் 1997-இல் கட்டிய, எட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடி எங்களுடையது. இரண்டாவது மாடியில் நாங்கள், மூன்றாவதில் டீச்சர், அதற்கு மேலே மொட்டைமாடியும் தொட்டியும். டீச்சர் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது, தனியாக இருக்கிறார். அதுவரைக்கும் எங்களுக்குள் நல்ல பழக்கம். என்னைத் தம்பி என்பார், மகனுக்குப் பின்னமும் தசமமும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மறுநாள் காலை மேலே போய் விஷயத்தைச் சொன்னேன். உடனே கீழே வந்து பார்த்தார். "என் பாத்ரூம்ல எங்கயும் தண்ணி தேங்கலையே தம்பி. எதுக்கும் ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றார். எனக்கு அது தட்டிக் கழிப்பதாகப் பட்டது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கு தெரிந்ததே. அவருக்குத் தரை, எனக்குக் கூரை, நடுவில் ஐந்து அங்குல கான்கிரீட். ஈரம் தெரிவது கீழ் வீட்டில், செலவு விழுவது மேல் வீட்டில். கீழ் வீட்டுக்காரன் எப்போதும் பாவப்பட்டவன். அந்த இடம் எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

கொலுவுக்கு வீடு பார்க்கும்படியாக இருக்க வேண்டுமே என்று நான் செய்த முதல் காரியம் முழு முட்டாள்தனம். உப்பைச் சுரண்டிவிட்டு, அதன் மேலேயே பட்டி பார்த்து, ஓதம் தடுக்கும் பெயிண்ட் என்று கடைக்காரர் கொடுத்ததை இரண்டு கோட்டிங் அடித்தேன். மூன்று வாரத்தில் பட்டி மொத்தமும் பிளாஸ்டர் கட்டுப் போல கழன்று வந்தது. சுவருக்குள் இருக்கிற தண்ணீர் ஆவியாகத்தான் வெளியே போக முடியும். முகப்பை அடைத்தால் அது பக்கவாட்டில் வழி தேடும். வரும்போது செங்கல்லிலும் சிமெண்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு மட்டும் பூச்சுக்குப் பின்னால் படிகமாகி நின்று பட்டியைத் தள்ளும். நான் அடைத்ததன் பலன், ஈரம் நாலடி கீழே இறங்கி ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதன் பிறகு, மின்கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற வீட்டு ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் அடிக்கடி விழ ஆரம்பித்தது. 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே விழுவதற்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். நாங்கள் அது பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கி மாட்டினோம். அதுவும் விழுந்தது.

ஐந்து வாரம் பூட்டிக் கிடந்த வீடு

நவம்பர் இரண்டாவது வாரம் டீச்சர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போனார். போகும்முன் என்னைக் கூப்பிட்டு, என் கண் முன்னாலேயே தன் வீட்டுக்கு வரும் கேட் வால்வை மூடினார். "அஞ்சு வாரம் இங்க ஒரு சொட்டுத் தண்ணி புழங்காது. உங்க சுவர் காயுதான்னு பாருங்க" என்றார். ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்கிற பாடம் அது. வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னது எனக்கு ஏறவில்லை.

சுவர் காயவில்லை. டிசம்பர் முதல் வாரம் மனைவி பரணைத் துடைத்துவிட்டு வந்து கேட்டாள்: "மேல ஆளே இல்ல. இன்னும் சொதசொதன்னு இருக்கே, எப்படி?" என்னிடம் பதில் இருந்தது. செங்கல் ஒரு முறை குடித்த தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் விடாது, மாதக்கணக்கில் ஆகும் என்றேன். எங்கேயோ படித்தது, உண்மையும்கூட. கெட்டதிலும் கெட்டது, டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துப் பக்கம் கரையைக் கடந்தது. அந்த மழையில் சென்னையில் எந்தச் சுவர்தான் காய்ந்தது? புயல் எனக்குச் சாட்சியாக வந்து சேர்ந்தது. டீச்சர் திரும்பி வந்து, "என்ன ஆச்சு?" என்றார். "மழைக் காலத்துல ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "சரி சார்" என்றார். தம்பி போய் சார் வந்ததை நான் அன்று கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சங்கக் கூட்டத்தில் பேசினார்கள். மேல் வீட்டுக் குளியலறையைச் சரிசெய்வது மேல் வீட்டுக்காரர் பொறுப்பு என்று முடிவானது. பொங்கல் கழிந்து வேலை தொடங்கியது. எங்கள் கட்டடத்தில் குளியலறைத் தளம் மற்ற அறைகளைவிட ஓர் அடி பள்ளமாகக் கிடக்கும். அந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்களைப் போட்டு, உடைந்த செங்கல்லும் ஜல்லியும் கொட்டி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். அதையெல்லாம் கொத்தி எடுக்கும் சத்தம் எங்கள் தலைக்கு மேல் நாலு நாள் கேட்டது. கொத்தனார் என்னை மேலே கூப்பிட்டு ஒரு பிடி செங்கல் துண்டை அள்ளிக் காட்டினார். ஈரமாக இருந்தது. நான் டீச்சரைப் பார்த்தேன். வெற்றி பெற்றவன் பார்க்கிற பார்வை அது. வேறு வார்த்தை போட்டு மழுப்ப விரும்பவில்லை. இருபத்தைந்து வருஷப் பழைய குளியலறை எதைத் தோண்டினாலும் நிரப்பு ஈரமாகத்தான் இருக்கும் என்று பிறகு ஒருவர் எனக்குச் சொன்னார்.

வேலை இருபத்தைந்து நாள் ஆனது. தரைக் கழிவு நீர் இறங்கும் நஹானி டிராப்பை மாற்றினார்கள், நீர்த்தடுப்புப் பூச்சு பூசினார்கள், 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதித்தார்கள், புது டைல்ஸ் ஒட்டினார்கள். அந்த இருபத்தைந்து நாளும் டீச்சர் விடிகாலை ஐந்து மணிக்கு, ஒரு கையில் வாளியும் தோளில் துண்டுமாக முதல் மாடியில் இருக்கும் தோழி வீட்டுக்கு இறங்கிப் போவார். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு குளியலறை இருக்கிறது. அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வாளிக் கைப்பிடி கிணுங்குகிற சத்தம் கேட்டுப் படுக்கையில் விழித்துக் கிடந்திருக்கிறேன்.

முள்

மார்ச் போனது. ஏப்ரல் வெயிலில் வடாம் ஒரே நாளில் காய்ந்தது, எங்கள் சுவர் காயவில்லை. டைல்ஸ்காரன் சரியாகச் செய்யவில்லை என்று புது வாதத்துக்கு நான் மாறியிருந்தேன். மே மாதம் ஒரு நாள், ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது என்று ஒரு பிளம்பரை வரவழைத்தோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஷவரைக் கழற்றப் போனவர் படுக்கையறைப் பக்கம் எட்டிப் பார்த்து, "இது என்ன சார் ஓதம்?" என்றார். மேல் வீட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். அதற்குள் எனக்கு அது மனப்பாடம். அவர் கேட்டுக்கொண்டார். "உங்க லைனைச் செக் பண்ணினீங்களா?" என்றார்.

"ஈரம் கூரைகிட்ட இருக்குண்ணே. நம்ம லைன் அதுக்குக் கீழதானே?"

"எவ்ளோ கீழ?"

தெரியாது. அந்த வீட்டில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன், என் சுவருக்குள் குழாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அவர் குளியலறைப் பரணில் கைவிட்டுக் காட்டினார். வெளிச்சுவரிலிருந்து எங்கள் லைன் உள்ளே நுழைவது ஏறக்குறைய ஒன்பதடி உயரத்தில். கூரை பத்தடி. கேட் வால்வைத் தாண்டிச் சுவருக்குள் புதைந்து, படுக்கையறைப் பக்கம் திரும்பி, அங்கே எல்போ என்கிற வளைவு இணைப்பு போட்டுக் கீழே இறங்குகிறது.

அப்போதும் நான் விடவில்லை. எல்போ கீழே, ஓதம் அதற்கும் மேலே, தண்ணீர் எப்படி ஏறும் என்றேன். அவர் பூஜை மாடத்தைப் பார்த்துக் கையை நீட்டினார். "வெளக்குல எண்ணெய் கீழதான் இருக்கு. எரியறது எங்க?" அவ்வளவுதான் சொன்னார். செங்கல்லும் பூச்சும் நுண்துளைகளால் ஆனவை. அந்தத் துளைகள் திரியைப் போலத் தண்ணீரை எல்லாப் பக்கமும் இழுக்கும், மேல்நோக்கியும் இழுக்கும். ஓர் அடி என்பது அதற்கு ஒன்றுமே இல்லை. அந்த விளக்கு தினமும் சாயங்காலம் என் கண்ணெதிரே எரிகிறது.

மறுநாள் ஒரு டெஸ்டிங் பம்ப் கொண்டுவந்தார். சின்னத் தொட்டி, ஒரு கைப்பிடி, ஒரு வட்டமான கேஜ். கேட் வால்வை மூடிவிட்டுச் சோதித்தால் போதாதா என்று கேட்டேன். பழைய வால்வு தானே விடும், அப்புறம் முள் இறங்கினால் எது விட்டது என்று தெரியாது என்றார். வால்வை ஒட்டிய யூனியன் என்கிற குழாய் இணைப்பைக் கழற்றி, டம்மி மூடி போட்டு அடைத்தார். ஷவரிலும் குழாய்களிலும் டம்மி. ஒரே ஒரு குழாய் வாயில் பம்பை மாட்டி மெதுவாக அடித்தார். அழுத்தம் 4 கிலோ வரைக்கும்தான். ஜி.ஐ. என்கிற இரும்பு பைப் பழசு, அதற்கு மேல் போனால் இல்லாத ஓட்டையையும் நாமே போட்டுவிடுவோம் என்றார். அடித்து நிறுத்திவிட்டு, ஒரு பீடியைக் காதில் செருகிக்கொண்டு குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

முள் 4-இல் நின்றது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நகர்வதைப் பார்க்க முடியவில்லை. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதைப் பார்க்க முடியாதது போல. சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டு மறுபடி பார்த்தால் 4-க்குக் கீழே ஒரு மயிரிழை இடைவெளி. கண் தப்பு என்று நினைத்தேன். நிற்கட்டும், நிற்கட்டும் என்று மனசு கும்பிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இல்லை. என் வீட்டுக் குழாயில் ஓட்டை இருந்தால் என் தொல்லை அன்றே தீர்ந்துவிடும், நான் அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஓதம் அப்படியே இருந்தாலும் பரவாயில்லை, வாளிச் சத்தத்துக்கு நான் காரணமாக இருக்கக்கூடாது என்பதுதான் வேண்டுதல். பத்து நிமிஷத்தில் முள் 3.2-க்கு வந்தது. பெரியவர் எழுந்து லுங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஒளியும் சுத்தியலும் வேணும் சார்" என்றார்.

ஒளியோ உளியோ, படுக்கையறைப் பக்கம் பூச்சைக் கொத்தினார். ஈரப் பூச்சில் உளி படும் சத்தமே வேறு. டொக் டொக் என்று வராது, சப் சப் என்று வரும். அரை மணியில் எல்போ தெரிந்தது. அதன் மேல் துரு மொக்கு மொக்காகக் கட்டியிருந்தது. ஜி.ஐ. பைப்பில் இரும்பைக் காப்பாற்றுவது மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சு. இணைப்புக்காக மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. அதனால் துரு முதலில் தின்பது மரையைத்தான். எல்போவுக்குள் பைப் நுழையும் அந்த மரையில், தையல் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. பம்ப் அழுத்தத்தில் அதிலிருந்து தண்ணீர் புகை மாதிரி பீச்சியது. பம்பைக் கழற்றித் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டபோது வெறும் சொட்டு. தொட்டி எங்கள் லைனுக்கு ஐந்தாறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருந்தால் அதிகம். அதனால்தான் அது வெடிக்காமல், சத்தம் போடாமல், சுவருக்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஷவர் நூலாக வந்ததற்கும் அங்கேயே பதில் கிடைத்தது. போர்வெல் தண்ணீரின் உப்பும் துருவும் படிந்து, அரை இஞ்ச் பைப்புக்குள் ஒரு பென்சில் நுழைகிற அளவுதான் வழி இருந்தது.

ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கு நான் கிறுக்கனாகத் தெரிந்திருப்பேன். ஒரு கம்பியை வளைத்துச் சொட்டைக் காபி டம்ளருக்குள் விழ வைத்தோம். மணிக்கு ஒரு டம்ளர், 200 மில்லி. ஒரு நாளைக்கு 4.8 லிட்டர். பொம்மைப் பெட்டியை இறக்கிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் ஆயிரத்து நூறு லிட்டருக்குப் பக்கம். மொட்டைமாடியில் நிற்கிற கறுப்புத் தொட்டியில் ஒன்று. அதை அந்த நாலரை இஞ்ச் சுவர் குடித்து, எங்கள் படுக்கையறைக் காற்றில் விட்டிருக்கிறது. நாங்கள் அதில் தூங்கியிருக்கிறோம்.

சாயங்காலம் மேலே போனேன். என்ன சொல்வது என்று படியேறும்போது மூன்று விதமாகத் தயார் செய்தேன். கதவு திறந்ததும், "எங்க பைப்தான் டீச்சர்" என்பது மட்டும்தான் வந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு என் பின்னால் இறங்கி வந்தார். செய்தித்தாளில் வைத்திருந்த எல்போவைக் கையில் எடுத்து, கண்ணாடியை மாட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளை வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, "உடனே பெயிண்ட் அடிச்சிடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுவரைக் காயப் போட்டது

குழாயை மாற்றியது ஒரு நாள் வேலை. மறுபடி சுவருக்குள் புதைக்க வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பைப் குளியலறையில் சுவருக்கு வெளியே, கிளாம்ப் அடித்து, எல்லோர் கண்ணிலும் படும்படி ஓடுகிறது. மரை கிடையாது, பசை போட்டு ஒட்டுவதுதான். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பது மனைவியின் கருத்து, மறுக்க முடியவில்லை. கூரை மூலையில் உள்ளங்கை அளவுக்குக் கான்கிரீட் உப்பி நின்றது. துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளியிருந்தது. அதைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருவுக்கு மருந்தடித்து, பாலிமர் கலவையால் அடைத்தார்கள். பரணுக்குக் கீழே இருந்த அலமாரியின் ப்ளைவுட் உப்பியது உப்பியதுதான், காய்ந்தாலும் இறங்காது. கழற்றிப் போட்டோம். வீட்டுக் கடன் வாங்கும்போது எடுத்த காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். குழாய் வெடித்தால், தொட்டி வழிந்தால் பணம் உண்டு. வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கசிந்ததற்கு இல்லை.

சுவர்தான் பொறுமையைச் சோதித்தது. ஓதம் தெரிகிற எல்லையிலிருந்து ஓர் அடி தள்ளி, செங்கல் தெரியும்வரை பூச்சை மொத்தமாகக் கொத்தினோம். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால்தான் தட்டி எடுக்க வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். மறுபக்கம் டைல்ஸ் இருப்பதால் ஈரம் அந்தப் பக்கம் போக வழியில்லை, படுக்கையறைப் பக்கமாக மட்டுமே காய வேண்டும். ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். நாங்கள் கூடத்தில் படுத்தோம், சுவர் படுக்கையறையில் காற்று வாங்கியது. ஆயிரம் ரூபாய்க்கு ஈரம் அளக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தினால் எண் காட்டும். உப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், உப்பேறிய சுவரில் அது இல்லாத ஈரத்தையும் காட்டும் என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. கடைசியில் பெரியவர் சொன்ன வழிதான். ஒரு முழ நீள பிளாஸ்டிக் தாளைச் செங்கல் மேல் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்ப்பது. உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம்.

வியர்த்தது. ஜூன் முழுக்க வியர்த்தது. ஒவ்வொரு முறை தாளை உரிக்கும்போதும் டிசம்பரில் மனைவியிடம் நான் சொன்னது ஞாபகம் வரும். செங்கல் குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது. நான் சொன்னதில் பொய்யே இல்லை. டீச்சர் வீட்டிலிருந்து கசிந்திருந்தாலும் அந்த ஐந்து வாரத்தில் சுவர் காய்ந்திருக்காது. அவர் வைத்த சோதனை எதையும் நிரூபித்திருக்க முடியாது, அவர் பக்கத்தையும் சரி, என் பக்கத்தையும் சரி. ஆனால் நிரூபிக்க முடியாத ஒன்றை நான் எந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டேன் என்பதுதான் இத்தனை நாளாக என்னைக் குடைகிறது. என் லைனை ஒரு முறை பார்த்துவிடுவோம் என்று அப்போதே தோன்றியிருந்தால், பம்ப் வாடகையும் அரை நாள் கூலியும்தான் செலவு.

ஜூலை கடைசியில் தாள் வியர்ப்பது நின்றது. கொத்தனார் வந்து பூசினார். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு எம்-சாண்ட். முடித்துக் கை கழுவிவிட்டு, "ஏழு நாளைக்குக் காலையும் சாயங்காலமும் நல்லா தண்ணி அடிங்க சார்" என்றார். இரண்டரை மாதம் ஃபேன் போட்டுக் காயவைத்த சுவருக்கு நானே ஹோஸ் பைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். சிமெண்ட் இறுக அது வேண்டும், வேறு வழியில்லை. மகன் வாசலில் நின்று சிரித்தான். அதன் பிறகு பெயிண்டுக்கு மறுபடி ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். நான் நவராத்திரி வரைக்கும் அடிக்கவே இல்லை.

இதற்கு நடுவில் டீச்சரிடம் பணம் கொண்டுபோனேன். அவர் செலவு தொண்ணூறாயிரத்துச் சொச்சம் என்று சங்கத்தில் சொன்னது நினைவிருந்தது. பாதிக்கு மேலாகவே, ஐம்பதாயிரம் ஒரு கவரில் போட்டு நீட்டினேன். வாங்கவில்லை. "கணக்குப் போட்டுச் சொல்றேன்" என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். பில்கள் தேதிவாரியாக ஒட்டியிருந்தன. மொத்தம் 92,400. நஹானி டிராப்பும் அதன் இணைப்புகளும் இருபத்தைந்து வருஷப் பழசு, இரண்டு மூன்று வருஷத்தில் எப்படியும் மாற்றியிருக்க வேண்டும், அதனால் அதில் பெரும்பகுதி அவர் கணக்கு. நீர்த்தடுப்புப் பூச்சு அவருக்கும் பயன், பாதி. புது டைல்ஸ் அவருக்குப் பிடித்திருக்கிறது, அதையும் கழித்துவிட்டார். நான் தர வேண்டியது 38,750. சுற்றி நாற்பதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "அதிகமா குடுத்தா அது கணக்கு இல்ல சார், தானம்" என்றார். ஐம்பது ரூபாய்க்குச் சில்லறை தேடி எடுத்துக் கொடுத்தேன். நோட்டைத் திருப்பித் தருவதற்கு முன் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். முதல் மாடிக்கு வாளியோடு இறங்கிய இருபத்தைந்து நாள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

2023 நவராத்திரிக்கு, பூச்சு மட்டும் இருந்த அந்தச் சாம்பல் நிறச் சுவரோரமாகவே கொலு வைத்தோம். ஏழு படிக்குப் பொம்மை இல்லாததால் ஐந்து படி. மனைவி மேலே போய்க் குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டாள். டீச்சர் மூன்றாம் நாள் வந்தார். சுண்டலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதலில் சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு கொலுவுக்கு வந்தார். செட்டியார் வழக்கம்போலக் கீழ்ப்படியில், பருப்பும் அரிசியும் பரப்பிய கடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எழுத்து தெரியாமல் இருக்க மனைவி அவரைப் படியோடு ஒட்டி வைத்திருந்தாள். டீச்சர் எப்படியோ பார்த்துவிட்டார். எடுத்துத் திருப்பிக் கண்ணருகே கொண்டுபோனார். முப்பத்தைந்து வருஷம் மேசைக்கு மறுபக்கம் நின்று, பிள்ளைகள் எழுதுவதைத் தலைகீழாகப் படித்துத் திருத்தியவர். இடவலம் மாறிய எழுத்து அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை.

"ரெண்டு பெட்ரூம்... காற்றோட்டமான..." என்று எழுத்துக் கூட்டினார். கொஞ்சம் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "இருபத்திநாலு மணி நேரமும் தண்ணீர் வசதி உண்டு."

செட்டியாரைப் பழையபடி படியோடு ஒட்டி வைத்துவிட்டு, சுண்டலைக் கையில் எடுத்துக்கொண்டார்.